ஒரு சென்ட் ராயல்டி, இரண்டு ஓபரா: ஸ்காட் ஜோப்ளின் – ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த ஆய்வு

1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் பரவிய கறுப்பினப் பியானோ இசையான ராக்டைம் என்றாலே முதலில் வரும் பெயர் ஸ்காட் ஜோப்ளின். அவர் வாழ்க்கையைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ஒரு பாட்டில் புகழ் பெற்றார், ஓபரா ஆசையில் கையிலிருந்ததை இழந்தார், மனநல மருத்துவமனையில் செத்தார், அரை நூற்றாண்டு கழித்து உலகம் கொண்டாடியது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிச் சொல்லும்போது நடுவில் அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன.

அவர் எழுதியது இரண்டு ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம். ஒன்று இன்று உலகில் எங்கும் இல்லை. இன்னொன்றை யார் வேண்டுமானாலும் புரட்டிப் படிக்கலாம், மேடை ஏற்றலாம். ஒரே ஆள், எட்டு வருட இடைவெளி. இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். பொதுவில் அறியப்பட்டவர்களை மட்டும் பெயர் சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

ஜோப்ளின் பிறந்தது டெக்சஸ் மாநிலத்தின் வடகிழக்கில். பல இடங்களில் அச்சாகியிருக்கும் 1868 நவம்பர் 24 என்ற பிறந்த தேதி தவறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆவணங்களின்படி அவர் 1867-இன் நடுப்பகுதிக்கும் 1868 ஜனவரிக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். தந்தை அடிமையாகப் பிறந்தவர், பிறகு ரயில்வேயில் கூலி வேலை பார்த்தார், வயலின் வாசிப்பார். தாய் சுதந்திரமான குடும்பத்தில் பிறந்தவர், பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவி வாசிப்பார், வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தார். அப்படி ஒரு வீட்டில் இருந்த பியானோவில்தான் பையன் பழகினான்.

அந்தப் பகுதியின் டெக்சர்கானா நகரில் ஜூலியஸ் வைஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் பையனின் திறமையைப் பார்த்துக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். ஐரோப்பியச் செவ்வியல் இசையும் ஓபராவும் இருக்கின்றன என்று பையனுக்குத் தெரிந்தது அவர் வழியாகத்தான். பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து. அந்தக் காலத்துக் கறுப்பினப் பியானோக்காரர்களில் பலர் மதுக்கடையிலும் விபசார விடுதியிலும் காதால் கேட்டுக் கற்றவர்கள். ஜோப்ளினும் அந்த இடங்களில் வாசித்துப் பிழைத்தவர்தான். ஆனால் அவருக்கு எழுதிய இசையின் மேல் ஒரு பிடிப்பு இருந்தது.

1890-களில் நால்வர் பாடும் குழு ஒன்றோடு ஊர் ஊராகப் போனார். 1895-இல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் அவருடைய முதல் இரண்டு பாட்டுகள் அச்சாயின. அவை அந்தக் காலத்து வழக்கமான உருக்கப் பாட்டுகள். ராக்டைம் வாடையே இருக்காது. அப்புறம் மிசூரி மாநிலத்தின் செடாலியா என்ற ரயில் சந்திப்பு ஊரில் தங்கினார். அங்கே கறுப்பின இளைஞர்களுக்கான ஜார்ஜ் ஸ்மித் கல்லூரி இருந்தது. மேப்பிள் லீஃப் கிளப் என்ற சமூகக் கூடமும் இருந்தது.

1899: செடாலியா ஒப்பந்தம்

அந்த வருடம் அவருக்கு இரண்டு அனுபவங்கள். மார்ச்சில் கான்சஸ் சிட்டியில் 'ஒரிஜினல் ராக்ஸ்' வெளிவந்தது. அட்டையில் அவர் பெயரோடு, 'இசை ஒழுங்கு செய்தவர்' என்று இன்னொருவர் பெயரும் இருந்தது. அடுத்த உருப்படிக்கு அவர் சும்மா போகவில்லை. உள்ளூர் இளம் வழக்கறிஞர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 10-இல், செடாலியாவில் இசைக் கருவிக் கடை வைத்திருந்த ஜான் ஸ்டார்க்கோடு 'மேப்பிள் லீஃப் ராக்' ஒப்பந்தம் கையெழுத்தானது. சிறிய ஒப்பந்தம்தான், ஆனால் ஒவ்வொரு வரியும் கவனிக்கத் தக்கது. அச்சுச் செலவு பதிப்பாளருடையது. இசையமைப்பாளராக ஜோப்ளின் பெயர்தான் போட வேண்டும். வெளிவந்ததும் அவருக்கு 10 பிரதி இலவசம். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 1 சென்ட் ராயல்டி. அவர் எத்தனை பிரதி கேட்டாலும் 5 சென்ட் விலைக்குத் தர வேண்டும். சில்லறையில் 25 சென்டுக்குக் குறைத்து விற்கக் கூடாது.

அப்போது ராக்டைம் எழுதியவர்கள் பொதுவாகச் சில டாலருக்கு மொத்த உரிமையையும் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். கறுப்பின இசைக்காரருக்கு ராயல்டி என்பது அரிது. 25 சென்டில் 1 சென்ட் என்றால் நான்கு சதவீதம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் 5 சென்டுக்கு வாங்கலாம் என்ற விதியைப் பாருங்கள். வாசிக்கப் போகும் இடத்தில் தானே ஒரு பிரதி விற்றால் 20 சென்ட் கையில் நிற்கும். வழக்கறிஞருக்குக் கொடுத்த கூலி வீண் போகவில்லை.

முதல் அச்சு 400 பிரதி. அது விற்றுத் தீர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஆக முதல் வருட ராயல்டி 4 டாலர். பிறகுதான் வேகம் பிடித்தது. 1909-க்குள் சுமார் ஐந்து லட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் பத்து வருடத்தில் சுமார் 5,000 டாலர். பணக்காரர் ஆகும் தொகை இல்லை. வாரம் தவறாமல் விடுதியில் வாசித்தே ஆக வேண்டும் என்ற நிலையிலிருந்து ஒருவரை வெளியே கொண்டுவரும் தொகை.

அந்தப் பாட்டு ஏன் அப்படி விற்றது? இடது கை அணிவகுப்பு இசையின் சீரான நடையில் போய்க்கொண்டே இருக்கும். வலது கையின் அழுத்தங்கள் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே விழும். இது எல்லா ராக்டைமுக்கும் பொது. மேப்பிள் லீஃபின் முதல் பகுதியில் ஏழாவது, எட்டாவது அளவைகளில் (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரிக்கும் தாளக் கட்டங்கள்) மட்டும் அந்த நடை நின்றுவிடுகிறது. இரு கைகளும் கீழ்க் கோடியிலிருந்து மாறி மாறி ஏறி விசைப்பலகையின் மேல்பாதிக்குப் போய்ச் சேருகின்றன. அந்த இடத்தை வீட்டில் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் ஆசை வரும். எளிதில் வராது என்பதும் விற்பனைக்கு உதவியிருக்கும்.

முதல் எச்சரிக்கை

பெரிய வடிவங்களின் மேல் அவருக்கு இருந்த நாட்டம் 1899-லேயே தெரிகிறது. 'ராக்டைம் டான்ஸ்' என்று பாடகரும் நடனக்காரர்களும் சேர்ந்து ஆடும் ஒரு படைப்பைச் செடாலியாவில் மேடையேற்றினார். ஸ்டார்க் அதை அச்சிடத் தயங்கினார். 1902-இல் ஒருவழியாக வெளியிட்டார், போகவில்லை. 1906-இல் அதைச் சுருக்கி வெறும் பியானோ உருப்படியாக மறுபடி போட்டார்கள்.

இது தெளிவான செய்தி. இசைத்தாள் வாங்குபவர் வீட்டில் ஒரு பியானோவை வைத்துக்கொண்டு தனியாக வாசிப்பவர். நாலு பேர் பாடி ஆட வேண்டிய சரக்கு அவருக்குத் தேவைப்படாது. ஜோப்ளின் இதைக் கேட்காமல் இல்லை. 1902-இல் 'தி என்டர்டெய்னர்' உட்பட விற்கக்கூடிய ராக்டைம் உருப்படிகளும் அவர் கையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. ஆனால் திசையை மாற்றவில்லை.

1903: முதல் ஓபரா

ஸ்டார்க் தொழிலைச் செயின்ட் லூயிஸ் நகருக்கு மாற்றியபின் ஜோப்ளினும் அங்கே குடியேறினார். அந்நகரின் இசைக்குழு நடத்துநர் ஆல்ஃபிரட் எர்ன்ஸ்ட் அவரைப் பாராட்டினார். விடுதியில் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டு எழுதுவதிலும் சொல்லிக்கொடுப்பதிலும் இறங்கினார்.

'எ கெஸ்ட் ஆஃப் ஆனர்' என்ற ஓபரா அப்போது பிறந்தது. 1901-இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட், கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகைக்கு விருந்துக்கு அழைத்ததுதான் கரு. தெற்கத்திய வெள்ளையர்கள் அதற்காகக் கொதித்துப் போயிருந்த சமயம். தைரியமான தேர்வு.

சுமார் 30 பேர் கொண்ட குழுவோடு மத்திய மேற்கு மாநிலங்களில் சுற்றுப்பயணம் கிளம்பினார். இம்முறை பதிப்பாளர் யாரும் இல்லை. சம்பளம், ரயில் செலவு, தங்கும் செலவு எல்லாம் அவர் தலையில். வழியில் குழுவோடு தொடர்புடைய ஒருவர் வசூல் பணத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டார். தங்கிய விடுதிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. பாக்கிக்காக ஜோப்ளினின் பெட்டிகளை எடுத்துவைத்துக்கொண்டார்கள். ஓபராவின் இசைப்பிரதி அவற்றோடு போனதாகத்தான் சொல்லப்படுகிறது.

இங்கேதான் முக்கியமான ஒரு விவரம். 1903 பிப்ரவரியிலேயே இந்த ஓபராவுக்குப் பதிப்புரிமை விண்ணப்பம் போட்டிருந்தார். ஆனால் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய பிரதிகள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. நூலகத்தில் பெயர் பதிவாகியிருக்கிறது, இசை இல்லை. இன்றுவரை ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் வேறு அடி. முதல் மண வாழ்க்கை முன்பே முறிந்திருந்தது. 1904 ஜூனில் ஃபிரெடி அலெக்சாண்டரை மணந்தார். செப்டம்பரில் அந்தப் பெண் நிமோனியாவில் இறந்துபோனார். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1905-இல் வந்த 'பெதீனா' என்ற வால்ட்ஸ் நடன இசையை வாசித்துப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாசிப்பது நல்லது.

நியூயார்க், பதிப்பாளரோடு பிரிவு

1907-இல் நியூயார்க் போனார். இரண்டாவது ஓபராவுக்கு ஆதரவு தேடித்தான். ஸ்டார்க்குக்கும் அங்கே அலுவலகம் இருந்தது. அங்கே ஜோசஃப் லேம்ப் என்ற இளம் வெள்ளையரைச் சந்தித்தார். லேம்ப் எழுதிய 'சென்சேஷன்' என்ற ராக்டைம் உருப்படி விற்க வேண்டும் என்பதற்காக, ஒழுங்கு செய்தவர் என்று தன் பெயரை அட்டையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் தன் அட்டையில் வேறொருவர் பெயர் வந்ததை அனுபவித்தவர் செய்த காரியம் இது.

1909 வாக்கில் ஸ்டார்க்கோடு உறவு முறிந்தது. ராயல்டி முறையை விட்டு, மொத்தமாகக் காசு கொடுத்து வாங்குவதற்கு ஸ்டார்க் மாற நினைத்தார். ஜோப்ளின் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டார்க்கை வில்லனாக்குவது எளிது. ஆனால் பெரிய நியூயார்க் பதிப்பகங்கள் விலையைக் குறைத்து அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அவருடைய நியூயார்க் கடையே 1910-இல் மூடப்பட்டது.

அதே 1909-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தது. தானியங்கிப் பியானோவில் ஓடும் காகித ரோல்களுக்கு அதுவரை இசையமைப்பாளருக்கு எதுவும் கிடையாது. உச்ச நீதிமன்றமே 1908-இல் அப்படித் தீர்ப்பளித்திருந்தது. புதிய சட்டம் ஒரு ரோலுக்கு 2 சென்ட் என்று வைத்தது. ஆனால் சட்டம் வந்த பிறகு பதிவான இசைக்குத்தான். மேப்பிள் லீஃப் 1899. அந்த ரோல்கள் எத்தனை விற்றாலும் அவருக்குப் பைசா இல்லை.

1911: சொந்தச் செலவில் 230 பக்கம்

இரண்டாவது ஓபராவான 'ட்ரீமனிஷா' மூன்று அங்கம், 27 பகுதிகள். கதையும் பாடல் வரிகளும் அவருடையவையே. 1884 செப்டம்பரில் டெக்சர்கானா பக்கத்து ஒரு தோட்டக் குடியிருப்பில் நடக்கிறது. மரத்தடியில் கிடைத்து, பிள்ளையில்லாத தம்பதியிடம் வளர்ந்த பெண் ட்ரீமனிஷா. அந்த வட்டாரத்துக் கறுப்பினத்தவரில் படிப்பறிவு உள்ளவள் அவள் மட்டும்தான். தாயத்து விற்று ஜனங்களை ஏமாற்றும் மந்திரவாதிகளை எதிர்க்கிறாள். அவர்கள் அவளைக் கடத்திப்போய்க் குளவிக்கூட்டில் தள்ளப் பார்க்கிறார்கள். தப்பி வந்தபின், பிடிபட்ட மந்திரவாதிகளை அடிக்க வேண்டாம், மன்னித்து அனுப்புங்கள் என்கிறாள். ஊர் அவளையே தலைவியாகத் தேர்ந்தெடுக்கிறது.

இது முழுக்க ராக்டைம் ஓபரா என்று நினைத்துக் கேட்பவர்கள் ஏமாறுவார்கள். ராக்டைம் சில இடங்களில்தான். கடைசியில் வரும் 'எ ரியல் ஸ்லோ டிராக்' அவற்றில் ஒன்று. மற்றபடி அழைப்பும் எதிர்ப்பாட்டுமாகப் போகும் தேவாலயப் பாணி, ஆண்கள் நால்வர் பாட்டு, ஐரோப்பிய ஓபரா பாணித் தனிப்பாடல் எல்லாம் கலந்தது. முன்னுரையில் ஜோப்ளினே, முகப்பிசையின் ஏழாவது அளவையில் வரும் மெட்டு மந்திரவாதிகளிடமிருந்து விடுபட்ட ஜனங்களின் சந்தோஷத்தைக் குறிக்கிறது என்று விளக்குகிறார். வாசிப்பவர் அறியாதவர் என்று வைத்துக்கொண்டு எழுதிய முன்னுரை.

பதிப்பாளர் யாரும் எடுக்கவில்லை. 1911 மே மாதம் குரலும் பியானோவும் அடங்கிய 230 பக்க இசைப்பிரதியைத் தன் பணத்தில் அச்சிட்டார். ஜூன் மாதம் நியூயார்க்கின் ஓர் இசை இதழ் பக்கம் நிறையப் பாராட்டி எழுதியது. பணம் போட மட்டும் யாரும் வரவில்லை.

இந்த முடிவைத்தான் பலரும் அவர் செய்த பெரிய பிழை என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. 1903-இல் செய்யாமல் விட்டதை, அதாவது இசையின் பிரதியைக் காப்பாற்றி வைப்பதை, 1911-இல் செய்தார். சேமிப்பு கரைந்தது உண்மை; ஆனால் இந்தக் கதையில் கடைசியில் பலன் கொடுத்த செலவு இது ஒன்றுதான்.

1915: ஆர்கெஸ்ட்ரா இல்லாத ஓபரா

1913-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் லஃபயெட் தியேட்டரில் நடக்கப் போகிறது என்று அறிவிப்பு வந்தது, நடக்கவில்லை. இடையில் ஓபராவின் பகுதிகளைத் தனித்தனி இசைத்தாளாகத் திருத்தி வெளியிட்டார். 1915 மே மாதம் ஒரு இசைப்பள்ளியின் மாணவர் ஆர்கெஸ்ட்ரா, இரண்டாம் அங்கத்தில் வரும் கரடிகளின் நடனத்தை வாசித்தது. அவர் உயிரோடு இருந்தபோது இந்த ஓபரா ஆர்கெஸ்ட்ராவில் ஒலித்ததற்கு இருக்கும் சான்று அதுதான்.

முழு ஓபராவும் ஒரே ஒரு முறை, ஹார்லெமில் அழைக்கப்பட்டவர்கள் முன்னால் நடந்ததாக நண்பர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். திரை இல்லை, உடை இல்லை, ஆர்கெஸ்ட்ரா இல்லை. பாடகர்களை அவரே பழக்கியிருந்தார். ஆர்கெஸ்ட்ராவின் பங்கை அவர் ஒருவரே பியானோவில் வாசித்தார். வந்தவர்கள் கடைசி வரை இருக்கக்கூட இல்லை.

வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹார்லெம் அப்போது புதிதாக எழுந்துகொண்டிருந்த நகரப் பகுதி. தோட்டக் குடியிருப்பையும் தாயத்தையும் விட்டு வந்தவர்களிடம், அதே காட்சியைப் பியானோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று அங்கம் காட்டினால் என்ன நடக்கும்? முதலீட்டாளருக்குக் காட்டும் முன்னோட்டமாக நினைத்தாலும் முழு ஓபரா அதிகம்தான்.

கடைசி இரண்டு வருடம்

1916 வாக்கில் உடலும் மனமும் தளர்ந்தது வெளியே தெரிய ஆரம்பித்தது. முற்றிய சிபிலிஸ். அந்த வருடம் அவர் வாசித்துப் பதிவான சில பியானோ ரோல்கள் இருக்கின்றன. ஜூனில் பதிவான மேப்பிள் லீஃபில் தாளம் தடுமாறுவதைக் கேட்கலாம். அவர் இப்படித்தான் வாசித்தார் என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. ராக்டைமை வேகமாக வாசிப்பது எப்போதும் தவறு என்று இசைத்தாளிலேயே அச்சிட்டு எச்சரித்தவர் அவர்.

1917 ஜனவரியில் பெல்வியூ மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து வார்ட்ஸ் தீவிலிருந்த மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஏப்ரல் 1-இல் இறந்தார், வயது 49. குவீன்ஸில் உள்ள செயின்ட் மைக்கேல்ஸ் கல்லறையில், ஏழைகளுக்கான பொதுக் குழியில் புதைத்தார்கள். பெயர்ப்பலகை 1974-இல்தான் வந்தது.

ஃபிரெடிக்குப் பிறகு மணந்த மனைவி லாட்டி அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பத்திரமாக வைத்திருந்தார். 1953-இல் அவர் இறந்தபின் அவை வில்பர் ஸ்வெட்மன் என்ற இசைக்கலைஞரிடம் போயின. 1961-இல் அவரும் போனபின் சொத்துப் பிரிவினையில் காகிதங்கள் சிதறிவிட்டன. ட்ரீமனிஷாவுக்கு ஜோப்ளின் எழுதிய ஆர்கெஸ்ட்ரா அமைப்பு கிடைக்கவில்லை. அச்சில் இருந்த 230 பக்கம் மட்டும் மிஞ்சியது.

பிறகு நடந்தது

1970-இல் ஜோஷுவா ரிஃப்கின் வாசித்த இசைத்தட்டு, ஜோப்ளினின் ராக்டைம் உருப்படிகளைச் செவ்வியல் இசை கேட்பவர்களிடம் கொண்டுபோனது. 1971-இல் நியூயார்க் பொது நூலகம் வேரா பிராட்ஸ்கி லாரன்ஸ் பதிப்பித்த தொகுப்பை வெளியிட்டது. 1972 ஜனவரியில் அட்லாண்டாவில், டி. ஜே. ஆண்டர்சன் புதிதாக எழுதிய ஆர்கெஸ்ட்ராவோடு ட்ரீமனிஷா முதல் முறையாக முழுமையாக மேடையேறியது. 1973-இல் வந்த 'தி ஸ்டிங்' படம் 'தி என்டர்டெய்னர்' மெட்டைத் தெருவெல்லாம் பரப்பியது. 1902-இல் வெளிவந்த அந்த உருப்படிக்குப் பதிப்புரிமைக் காலம் முன்பே முடிந்திருந்தது. 1975-இல் ஹூஸ்டன் கிராண்ட் ஓபரா, கந்தர் ஷுல்லரின் அமைப்பில் ட்ரீமனிஷாவை நடத்தி நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கு வரை கொண்டுபோனது. 1976-இல் புலிட்சர் பரிசுக் குழு ஜோப்ளினுக்குச் சிறப்புப் பாராட்டு அளித்தது.

எதை மாற்றியிருக்கலாம்

1903 சுற்றுப்பயணம்தான் எனக்கு இன்றும் உறுத்துவது. விண்ணப்பம் எழுதியவர் பிரதியை அனுப்பியிருந்தால் போதும், திருட்டும் விடுதிப் பாக்கியும் ஒரு பண நஷ்டமாக முடிந்திருக்கும். கிளம்பும் முன் ஒரு நகலையாவது வீட்டில் வைத்திருக்கலாம். 30 பேர் குழுவின் கல்லாவை ஒருவர் கையில் விட்டதும் சரியில்லை.

1911 அச்சை நான் மாற்ற மாட்டேன். ஆனால் ஆர்கெஸ்ட்ரா அமைப்பை அதே ஜாக்கிரதையோடு நடத்தியிருக்க வேண்டும். நண்பர் சாம் பேட்டர்சன் கூடவே உட்கார்ந்து பிரதியெடுக்க உதவியிருக்கிறார், ஆள் இருந்தது. இரண்டாவது நகல் ஒன்றை இசைப்பள்ளியிலோ நூலகத்திலோ கொடுத்து வைத்திருக்கலாம்.

மேடை விஷயத்தில், 1915 மாணவர் கச்சேரி காட்டிய வழி ஹார்லெம் முன்னோட்டத்தைவிடச் சிறந்தது: ஒரு பகுதி, உண்மையான ஆர்கெஸ்ட்ரா, விளம்பரம் இல்லாத கூட்டம். முதலில் 'எ ரியல் ஸ்லோ டிராக்' இருக்கும் கடைசிக் காட்சியை மட்டும் அப்படி நடத்தியிருந்தால், பணம் போடுபவர் எதற்குப் போடுகிறோம் என்று காதால் கேட்டிருப்பார்.

ஆர்கெஸ்ட்ராவின் அளவும் ஒரு கேள்வி. ஷுல்லரின் அமைப்பு பெரிய ஓபரா அரங்குக்கானது. பிறகு ரிக் பெஞ்சமின், ஜோப்ளின் காலத்து நாடக அரங்குகளில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேர் குழுவுக்கு ஏற்றபடி அச்சுப் பிரதியிலிருந்தே புதிதாக அமைத்து, 2011-இல் பதிவும் வெளியிட்டார். கல்லூரியோ சிறு குழுவோ இந்த ஓபராவை எடுக்க நினைத்தால் அங்கிருந்து தொடங்குவது கட்டுப்படியாகும்.